இடது முன் சக்கரத்தின் வெளி ஓரம்

பிப்ரவரி 4, ஞாயிறு

டயர் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார்கள். அது என் பெண்டாட்டி வசந்தாமணியின் மளிகைக் குறிப்புக்குப் போய்விடும். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டேன். அதுவும் அவளுடைய வண்டிக்காகத்தான்.

கணபதி பஸ் ஸ்டாப் பக்கம் வீல் அலைன்மெண்ட் கடை வைத்து இருபத்திரண்டு வருஷமாகிறது. நான் பார்த்து அனுப்பிய வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றோ, டயரை ஓரமாகத் தின்கிறது என்றோ திரும்பி வந்ததில்லை. வந்திருந்தாலும் நான் ஒத்துக்கொண்டதில்லை. இன்றைக்கு என் சொந்தப் பெண்டாட்டியின் வண்டி வந்து நிற்கிறது. இடது முன் டயரின் வெளி ஓரம் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கிறது. டயர் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வண்டி பழைய சிவப்பு எஸ்டீம் கார். கனடாவுக்குப் போன ஒரு டாக்டர் பையனிடமிருந்து போன தீபாவளிக்கு என்னைக் கேட்காமலேயே வாங்கிவிட்டாள். அந்தப் பையன் வண்டியை ஒன்றரை அங்குலம் தாழ்த்தி, கெட்டி ஸ்பிரிங் போட்டு, அகலச் சக்கரம் மாட்டி, கேம்பரைத் திருகி வைக்கிற தகடெல்லாம் வைத்திருந்தான். கேம்பர் என்றால் சக்கரத்தின் தலை எவ்வளவு உள்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. நாற்பத்தொன்பது வயதுக் கணக்கு டீச்சருக்கு இந்த வண்டி எதற்கு என்று கேட்டேன். "பாக்க அழகா இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான் பதில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருக்கிற அத்தனை வேகத்தடையிலும் அடிவயிறு உரசுகிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது. அவள் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பக்கத்து டயர் கடை யாகூப் வந்து குனிந்து பார்த்தான்.

"என்னங்ணா, நம்ம கடையில அலைன்மெண்ட் பண்ணுன வண்டியா இது? வெளிய சொல்லிப்போடாதீங்க. எனக்கே வெக்கமா இருக்குது."

பதினைந்து வருஷப் பழக்கம் இல்லையென்றால் ஸ்பானர் பறந்திருக்கும்.

பிப்ரவரி 5, திங்கள்

இடது முன் டயரில் இருக்கும் வரிப் பள்ளங்களின் ஆழம்: உள் ஓரம் 6.1 மி.மீ., நடு 5.8, வெளி ஓரம் 3.2. வலது முன் டயர் ஏறக்குறைய சமம். கேம்பர் இரண்டு பக்கமும் மைனஸ் ஒன்று. டோ, அதாவது நடக்கிறவன் பாதம் மாதிரி சக்கரங்கள் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது, கொஞ்சம் உள்ளே இருந்தது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ஓடிய தூரம் 84,210.

இனிமேல் சரியாகிவிடும்.

பிப்ரவரி 10, சனி

வசந்தாமணிக்குக் காலை ஆறரைக்கே ஸ்பெஷல் கிளாஸ். பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறதாம். பதினோரு மணிக்கு வந்தாள், முகமெல்லாம் சிவந்து, நல்ல பசியோடு. ஆறு இட்லி சாப்பிட்டாள். கணக்குச் சொல்லிக்கொடுப்பது கடினமான வேலைதான்.

ஓடிய தூரம் 84,318.

பிப்ரவரி 12, திங்கள்

பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். போகவர எட்டு. ஆறு நாளைக்கு நாற்பத்தெட்டு. ஓடியிருப்பது நூற்றெட்டு. மீட்டர் பழுது போலிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றினேன். மட்கார்டு உள்பக்கமெல்லாம் வெள்ளைத் தூள். டீச்சர் வண்டி, சாக்பீஸ் தூள் இருக்கத்தான் செய்யும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். டயரில் கோளாறு என்றால் தேய்மானம் அதனோடு வலப்பக்கம் போகும். வண்டியில் கோளாறு என்றால் இடப்பக்கமே நிற்கும். என் அப்பனுக்கு அடுத்தபடி நான் நம்புவது இந்தச் சோதனையைத்தான்.

வசந்தாமணி கடைக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். பச்சைப்பயறுக் குழம்பு. சாப்பிடும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏனுங்க, முன்சக்கரம் வெளிய தள்ளுதுன்னா என்னங்க பண்றது?" என்றாள்.

"எந்த வண்டி?"

"இல்ல, சும்மா. ஸ்கூல்ல ஒரு சார் கேட்டாரு."

"மெதுவா ஓட்டச் சொல்லு" என்றேன். தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

புதிதாக இடப்பக்கம் போட்ட டயரும் வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது. ஒரே வாரம். 6.0, 5.7, 4.4.

மெஷினைச் சந்தேகப்பட்டு யாகூப்பின் வேனை ஏற்றிச் சோதித்தேன். மெஷின் சரி. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற இடப்பக்க லோயர் ஆர்ம் வளைந்திருக்குமோ என்று அளந்தேன். அதுவும் நேராக இருக்கிறது. இரண்டு வாடிக்கையாளர்களிடம் வள்ளென்று விழுந்தேன். ஒருவர் மறுபடி வரமாட்டார்.

யாகூப் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"வண்டியவே பாத்துட்டு இருக்கறீங்ணா. ஓட்டற ஆளைப் பாக்கவே மாட்டீங்களா?"

"அவ வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் போறா. அதுல என்னத்தப் பாக்கறது?"

அவன் மீதி டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போனான். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

இந்தத் தேய்மானத்தை வாழ்க்கையில் இன்னொரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், என்னுடைய சொந்த வண்டியில். ஒரே வட்டத்தை வலப்பக்கமாகவே, வேகமாக, திரும்பத் திரும்பச் சுற்றினால் வண்டியின் கனமெல்லாம் இடது முன் சக்கரத்தின் வெளி ஓரத்தில் போய் உட்காரும். எந்த அலைன்மெண்டாலும் அதைத் தடுக்க முடியாது.

மட்கார்டில் இருந்தது சாக்பீஸ் தூள் இல்லை. கோடு போடுகிற சுண்ணாம்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், எரிந்தது.

பிப்ரவரி 28, புதன்

வெண்டைக்காய்ப் பொரியல். கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை.

மார்ச் 1, வெள்ளி

யாகூப் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். என்னைக் கண்டதும் அதன் முன்னால் போய் நின்றுகொண்டான். நகரச் சொன்னேன். சூலூர்ப் பக்கம் மூடிக் கிடக்கிற ஒரு மில்லின் களத்தில் ஏப்ரல் ஏழாம் தேதி கார் போட்டி. ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் குறிப்பார்கள். பெண்கள் பிரிவு உண்டு. சனிக்கிழமைதோறும் காலையில் பயிற்சி.

"எத்தன நாளாடா உனக்குத் தெரியும்?"

"டிசம்பர்லங்ணா. அக்கா டயர் வாங்கறப்பவே சொன்னாங்க. அவங்களே உங்ககிட்ட சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

மார்ச் 2, சனி

யாகூப்பின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போனேன். மில் காம்பவுண்டு சுவர் ஓரிடத்தில் இடிந்திருக்கிறது. அங்கே நின்றேன்.

பஞ்சு கோடவுனைச் சுற்றி சொரசொரப்பான சிமெண்டுக் களம். சுண்ணாம்புக் கோடு, ஓரமாகப் பழைய டயர்கள். ஏழு பெண்கள். அதில் மூத்தவள் என் பெண்டாட்டிதான். தலையில் ஹெல்மெட், புடவைக்குப் பதில் சுடிதார். வண்டியை எடுத்தாள்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை: அவள் நன்றாக ஓட்டுகிறாள். கியர் மாற்றுவது காதுக்கே தெரியவில்லை. கோடவுன் மூலையை ஒட்டிப் போகும்போது ஒரு சாண் இடைவெளிதான் விட்டாள். ஆனால் மூன்றாவது வளைவில் முன்சக்கரம் வெளியே தள்ளுகிறது. தள்ளும்போது ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்கிறாள். ஒடிக்கக் கூடாது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று "ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு, காலை எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

திரும்பி வரும்போது ஓட்ட முடியாமல் ஸ்கூட்டரை இரண்டு தடவை நிறுத்தினேன்.

மார்ச் 3, ஞாயிறு

லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறது, புதுசு சொல்லியிருக்கிறேன், வர நாளாகும் என்று அவளிடம் சொன்னேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றி நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டேன்.

"எத்தன நாளாகுமுங்க?"

"ஒரு மாசம்னாலும் ஆகும்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "செரீங்க" என்றாள்.

காரணம் இருக்கிறது. நானும் அவளும் ஒரு காலத்தில் ராலி ஓட்டியவர்கள். நான் ஓட்டுவேன், அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்த வளைவு எந்தப் பக்கம், எத்தனாம் நம்பர் கூர்மை என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள். கல்யாணமான மூன்றாவது வருஷத்திலிருந்து எட்டு வருஷம். கடைசிப் போட்டியில் மலைப்பாதையில் வண்டி உருண்டது. எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்குத் தோள் எலும்பும் மூன்று விலாவும் முறிந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில், இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சத்தியம் பண்ணினேன். நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பண்ணினேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

பாதையில் ஜல்லி கிடந்தது. அதுதான் உருண்டதற்குக் காரணம்.

மார்ச் 9, சனி

ஸ்பெஷல் கிளாசுக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "பசங்களுக்கு லீவு உட்டுட்டேன்" என்றாள். காலையிலிருந்து விடைத்தாள் திருத்தினாள். மதியம் இரண்டு இட்லிதான். காலை மிச்சம்.

சண்டை போட்டால்கூடத் தேவலை. அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள், சட்டைக்குப் பட்டன் தைக்கிறாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டில் உட்காரவே முடியவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

யாகூப் வந்து ஜாக்கியில் நிற்கிற வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"லோயர் ஆர்ம் வளைஞ்சிருச்சுங்களா?"

"ஆமா."

"எனக்கு நேராத்தான் தெரியுது."

"உனக்குக் கண்ணாடி மாத்தோணும்."

மார்ச் 15, வெள்ளி

வண்டிக்குள் தூசி தட்டலாம் என்று ஏறினேன். அப்படித்தான் எழுத வேண்டும். உண்மையில் சும்மா அவள் சீட்டில் உட்காரத்தான் ஏறினேன்.

வெயில் மறைப்பைக் கீழே இறக்கினால் உள்பக்கம் ஒரு கணக்கு நோட்டுத் தாள், செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. அவளுடைய குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு சுற்று நேரம், நிமிஷமும் நொடியுமாக. 1.21, 1.17, 1.15, 1.13, 1.13, 1.13. மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. கடைசி நேரத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறாள்:

"முன்சக்கரம் தள்ளுது. எவ்வளவு யோசிச்சும் பிடிபடலை. அவரைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிருவாரு. எப்படிக் கேக்கறது."

கேள்விக்குறி போடவில்லை. ஒரு மாணவன் கேள்விக்குறி விட்டால் அரை மதிப்பெண் குறைக்கிறவள்.

வண்டியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து மூன்று வயது. ஷட்டர் பாதி இறக்கியிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜல்லி கிடந்தது உண்மை. அவள் அதற்கு முன்னாலேயே "வலது மூணு, மெதுவா" என்று சொன்னதும் உண்மை. மெதுவா என்பதை இரண்டு தடவை சொன்னாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. முன்னால் போன வண்டியை எட்டிப் பிடிக்கிற வெறியில் நான்தான் காலை எடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் பேசியதில்லை. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

எனக்கு வண்டி ஓட்டுகிற அவளைப் பார்த்துப் பயம் என்று நினைத்தேன். அவள் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறாள்.

மார்ச் 16, சனி

காலை ஏழுக்கே கடை திறந்தேன். இடது முன் கேம்பர் மைனஸ் இரண்டே முக்கால். வலது முன் மைனஸ் அரை. டோ வெளிப்பக்கமாக 2 மி.மீ. டயர் இரண்டும் புதுசு.

இது ரோட்டு வண்டிக்குப் போடுகிற அளவே இல்லை. வலப்பக்கமாகவே சுற்றுகிற வண்டிக்குப் போடுகிற அளவு. இடது சக்கரம் உள்பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றால், வளைவில் வண்டி சரியும்போது டயர் முழுசாகத் தரையில் பதியும். நேர் ரோட்டில் லேசாக வலப்பக்கம் இழுக்கும். இழுக்காத வண்டி என்று இருபத்திரண்டு வருஷமாகப் பெயர் வாங்கிய கடை.

யாகூப் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "ங்ணா, இழுக்குது."

"இழுக்கட்டும்."

சக்கரங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஓடி வந்து கட்டிக்கொண்டான். சட்டையெல்லாம் கிரீஸ்.

மாலை வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, "லோயர் ஆர்ம் வந்துருச்சு, மாத்திட்டேன்" என்று சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 23, சனி

பதினோரு மணிக்கு வந்தாள். வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய்க் கடலைப்பருப்பை வேகப்போட்டு, வெல்லம் சேர்த்து அரைத்து, இனிப்பு ஒப்பிட்டு சுட்டாள். இன்றைக்கு ஒரு விசேஷமும் இல்லை. நெய்யை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, லோயர் ஆர்ம் மாத்துனா வண்டி இப்படித் திரும்புங்களா?"

"எப்படி?"

"நல்லா."

"நல்ல லோயர் ஆர்ம்" என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நாலு ஒப்பிட்டு சாப்பிட்டேன். அவள் ஐந்து.

மார்ச் 30, சனி

இடது முன்: 7.4, 7.3, 7.3. தாளில் புதிய நேரம்: 1.09. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. மூன்றாவது வளைவில் இன்னும் கொஞ்சம் வெளியே போகிறதாம், அதையும் எழுதியிருக்கிறாள். அதைக் கேம்பரால் சரிசெய்ய முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

இன்று சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். துவரம்பருப்பு இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஏழு பேரில் நாலாவது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நேரம் 1.07.

காலையில், கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டுப் புண்ணியார்ச்சனை என்று கிளம்பினாள். புதுமனைக்குப் போகிறவர்கள் யாரும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போவதில்லை. "மொய் வெக்க மறந்துறாத" என்றேன். பத்து நிமிஷம் கழித்து யாகூப்பின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் கிளம்பினேன்.

மில் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் ஒரு வேப்பமரம். அதன் பின்னால் நின்றுகொண்டோம். பார்த்துவிட்டு அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடுவதாகத் திட்டம். பெண்கள் பிரிவைக் கூப்பிடுகிற நேரத்தில் மைக்கில் சொன்னார்கள்.

"பதினாலாம் நம்பர் வண்டி, மெக்கானிக் சென்னியப்பன். வண்டி சோதனைத் தாளில் கையெழுத்துப் போட உடனே வரவும்."

யாகூப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சென்னியப்பன் நான்தான். மரத்தோடு ஒட்டி நின்றேன். ஒவ்வொரு வண்டிக்கும் மெக்கானிக் என்று ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியை விடுவார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டால் அந்த வண்டியை நீக்கிவிடுவார்கள் என்று யாகூப் சொன்னான். நடந்தேன். அத்தனை பேரும் பார்க்க, அந்த வெயிலில், வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு.

வசந்தாமணி வண்டிப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. கண் மட்டும் நனைந்திருந்தது. மேஜையில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். ஓட்டுபவர் பெயருக்குக் கீழே மெக்கானிக் என்ற இடத்தில், அந்தக் குண்டு எழுத்தில் என் பெயர். அவள் கையெழுத்துப் போட்ட தேதி ஜனவரி 26. நான் இந்த டைரியைத் தொடங்குவதற்கு முன்னால்.

"ஏன் புள்ள, நான் வராமப் போயிருந்தா? என்ன தைரியத்துல எம் பேரப் போட்ட?"

"வேற யாரு பேரைங்க போடறது?"

கோபமாகத்தான் சொன்னாள். தினமும் சொல்லிவிடலாம் என்று இருந்தாளாம். தினமும் என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவாளாம்.

"அந்த வேப்பமரத்துக்குப் பின்னால வந்து நின்னப்பறந்தானுங்க எனக்கு மூச்சே வந்துது" என்றாள்.

ஒவ்வொரு நட்டாக முறுக்கினேன். பின் டயரில் காற்று முப்பத்தெட்டு வைத்தேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். நான் ஜன்னலில் குனிந்தேன். என்ன சொல்ல வந்தேனோ அது வரவில்லை, வேறொன்று வந்தது.

"அன்னிக்கு நீ மெதுவான்னு சொன்ன. ரெண்டு வாட்டி. எனக்குக் கேட்டுச்சு. நாந்தான் காலை எடுக்கல."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். பத்தொம்பது வருசம் ஆகும்னு நெனைக்கல." என் கன்னத்தில் இருந்த கிரீஸைக் கையுறையால் துடைத்துவிட்டாள். "இப்ப மூணாவது வளைவுக்கு என்ன பண்றதுன்னு சொல்லுங்க. நேரமாச்சு."

"தள்ளுறப்ப ஸ்டியரிங்க ஒடிக்காத. கால எடு. பயப்படாம எடு. அதுவா உள்ள வரும்."

தலையை ஆட்டினாள். கொடி இறங்கியது.

முதல் வளைவு நான் பார்க்கவில்லை, குனிந்துகொண்டேன். இரண்டாவதைப் பாதி பார்த்தேன். பயம் கொஞ்சமும் போகவில்லை. மூன்றாவதில் வண்டி கோட்டைவிட்டு வெளியே தள்ள ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் ஒரு நொடி அடங்கியது. காலை எடுத்துவிட்டாள். வண்டி உள்ளே வந்தது.

நான் சொன்னதை அவள் கேட்டாள்.